நாட்டுக்கு நன்றி என்றால் யாருக்கு? ஆகஸ்ட் 15 இழை

ஆகஸ்ட் 8, 2024, இரவு

ஷார்ஜாவிலிருந்து ஒரு தம்பி கேட்டது: "ஆகஸ்ட் 15 வந்தால் எல்லாரும் கொடிப் படம் போடுகிறோம், நாட்டுக்கு நன்றி என்று எழுதுகிறோம். ஊரில் வேலை கிடைக்காமல்தான் நான் இங்கே வந்து கிடக்கிறேன். அந்த நாட்டுக்கு எதற்கு நன்றி? கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்."

நான் வேதாரண்யம் பக்கம். 33 வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் கொடி கட்டியது நான்தான். அதனால் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

என் பதில்: எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நூறு பேர் நடந்தே வந்தார்கள். ஏப்ரல் 13 கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக வந்து 28ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். வழியில் இவர்களுக்குச் சோறு போட்டாலோ திண்ணையில் படுக்க இடம் கொடுத்தாலோ ஜெயில் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். யார் கட்டியது என்று எந்தப் போலீஸ்காரர் கண்டுபிடிக்க முடியும்? அந்தப் பொட்டலத்தைக் கட்டியவர்களுக்கு நன்றி சொல்லலாம் தம்பி.

ஆகஸ்ட் 9, காலை

ஒரு திருத்தம். 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்த நாள். உப்பு அள்ளியது 30ஆம் தேதி. நேற்று இரண்டையும் ஒன்றாக எழுதிவிட்டேன். சுட்டிக்காட்டிய கும்பகோணத்து நண்பர் சொல்வது சரி.

வைரப்பனை விட்டுவிட்டேனே என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வைரப்பன் எங்கள் ஊர் முடிதிருத்தும் தொழிலாளி. போலீசுக்குச் சவரம் செய்வதில்லை என்று அப்போது ஊரில் கட்டுப்பாடு. சாதாரண உடையில் வந்த ஒருவருக்குப் பாதி சவரம் முடிந்த பிறகுதான் அவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். விஷயம் கோர்ட்டுக்குப் போனது. மீதியையும் முடித்துவிடு, இல்லாவிட்டால் ஜெயில் என்று நீதிபதி சொன்னார். வைரப்பன் சவரப் பெட்டியை நீதிபதி முன்னால் வைத்து, நீங்களே முடித்துவிடுங்கள் என்றாராம். ஆறு மாதம் சிறை. வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகும்போதெல்லாம் நான் சொல்வது இது ஒன்றுதான்: இவரிடம் ஒரு கத்தி இருந்தது, அதை அவர் கீழே வைத்தார், அவ்வளவுதான் இவர் செய்தது.

ஆகஸ்ட் 10

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். "ஐயா, அதெல்லாம் 1930. எனக்கு என்ன?"

சரிதான். நான் பாடப்புத்தகத்திலிருந்து பதில் சொல்லிவிட்டேன். இப்போது என் வீட்டிலிருந்து சொல்கிறேன்.

என் அம்மா 1929இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்டார். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டிமேல் சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டை வாங்கி எந்தப் பெட்டியில் வேண்டுமோ அதில் போட வேண்டியதுதான். எழுதத் தெரியாதவரும் போடலாம். "பண்ணையாருக்கும் ஒரு சீட்டு, எனக்கும் ஒரு சீட்டுடா" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லும்போது ஒரு விரலை உயர்த்திக் காட்டுவார். அந்தத் தேர்தல் நடந்த காலத்தில் நாட்டில் நூறு பேரில் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். படித்தவனுக்கு மட்டும் ஓட்டு, சொத்து உள்ளவனுக்கு மட்டும் ஓட்டு என்று வெள்ளைக்காரன் வைத்திருந்த வழக்கத்தை அப்படியே தொடர்ந்திருக்கலாம். தொடரவில்லை. வயது வந்த எல்லாருக்கும் ஒரேயடியாகக் கொடுத்தார்கள். அதே தேர்தலில் வடக்கே சுமார் 28 லட்சம் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொன்னதால் பட்டியலில் இடம்பெறாமல் போனார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதில் உறுதியாக இருந்தார்: ஒரு பெண்ணுக்குச் சொந்தப் பெயர் வேண்டும். எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள். நாடு என்பது வந்து பெயரைக் கேட்டது!

இரண்டாவது, கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலை. எங்கள் கொல்லையில் 42 தென்னை, எழுந்து பார்த்தால் நின்றது மூன்று. புயல் அடித்த மாவட்டங்கள் எல்லாம் சேர்த்து லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்துவிட்டன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர இருபத்தாறு நாள் ஆயிற்று. கம்பம் நட வந்தவர்களில் கோயம்புத்தூர்க்காரர்கள் இருந்தார்கள், கேரளாவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். வயல் சேற்றில் வண்டி இறங்காது. எட்டுப் பேர் கம்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு போவார்கள். பாலக்காட்டுக்காரர் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். என் மனைவி தேங்காய் எண்ணெய் எடுத்துக் கொடுத்தாள். அவருக்கும் எனக்கும் என்ன உறவு சொல்லுங்கள். அவர் ஊரில் அதே வருஷம் ஆகஸ்டில்தான் வெள்ளம் வந்து எல்லாம் போயிருந்தது. நாடு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் அந்தக் கைதான் கண்ணில் வருகிறது.

உங்களுக்கு வேலை கொடுக்கவில்லை என்பது உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் குறை அப்படியேதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 11

பெரியார் 1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்றாரே, அவரை என்ன சொல்வீர்கள் என்று ஒரு கேள்வி.

ஆமாம், சொன்னார். வெள்ளைக்காரன் போனாலும் பிறப்பால் மேல் கீழ் போகவில்லை என்பது அவர் வாதம். அதே இயக்கத்தில் இருந்த அண்ணா அதை மறுத்து, இன்ப நாள் என்று எழுதினார். இரண்டு பேரையும் நான் மதிக்கிறேன். ஒரு வீட்டில் கல்யாணம் நடக்கும்போது, மூத்தவனுக்குப் பங்கு கிடைக்கவில்லையே என்று ஒருவர் எழுந்து கேட்டால் அவர் வீட்டுக்கு எதிரியா? அவர் கேட்டதற்கு இன்னும் முழுசாகப் பதில் சொல்லியாகவில்லை. இதைப் பற்றி எனக்கே ஒரு சங்கதி சொல்ல இருக்கிறது. இன்றைக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 12

கொடி எப்படிக் கட்டுவது என்று ஒரு டீச்சரம்மா கேட்டிருக்கிறார். இந்த வருஷம்தான் முதல்முறையாக அவரிடம் பொறுப்பு வந்திருக்கிறதாம்.

அம்மா, முந்தின நாள் சாயங்காலமே கம்பத்தைப் பார்த்துவிடுங்கள். கப்பி துருப்பிடித்திருந்தால் இரண்டு சொட்டு எண்ணெய். புது நைலான் கயிறு வேண்டாம், முறுக்கிக்கொள்ளும். பழகிய பருத்திக் கயிறு நல்லது. கதர்க் கொடியில் கயிறு கோக்கும் ஓரத்தின் மேல்முனையில் ஒரு சின்ன மரக்கட்டை தைத்திருப்பார்கள். அந்தக் கட்டை மேலே, காவி மேலே. இதை இரண்டு தடவை பாருங்கள், மூன்றாவது தடவை வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கொடியை நீளவாக்கில் மடித்து, மேஜைமேல் பரப்பி, உதிரி ரோஜாவும் செவ்வந்தியும் ஒரு கைப்பிடி வையுங்கள். அதிகம் வைத்தால் கனத்துப் போய்ச் சரியாக விரியாது. ஓரத்திலிருந்து கம்பத்துப் பக்கமாகச் சுருட்டிக்கொண்டு வந்து, கயிற்றின் வாலால் சுற்றி ஒரு சுருக்கு. முடிச்சு போட்டுவிடாதீர்கள். ஷூ லேஸில் ஒரு காதை மட்டும் விடுவோமே, அதுபோல. ஒரு இழுப்பில் அவிழ வேண்டும். கட்டி முடித்ததும் கீழேயே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி கட்டுங்கள்.

இன்னொன்று. ஆகஸ்ட் 15க்குக் கொடியைக் கீழேயிருந்து மேலே ஏற்றிப் பறக்கவிட வேண்டும். அன்னிய ஆட்சி இறங்கி நம் கொடி ஏறிய நாள் அது. ஜனவரி 26க்கு மேலேயே கட்டிவைத்து விரிக்க வேண்டும், ஏனென்றால் கொடி ஏற்கனவே ஏறிவிட்டது. டெல்லியிலும் செங்கோட்டையில் பிரதமர் ஏற்றுவார், குடியரசு நாளில் குடியரசுத் தலைவர் விரிப்பார். பல பள்ளிகளில் இரண்டு நாளுக்கும் மேலேயே கட்டிவிடுகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். கப்பி சரியாக இருந்தால் கீழேயிருந்தே ஏற்றுங்கள். பிள்ளைகள் அண்ணாந்துகொண்டே போவதைப் பார்ப்பது அத்தனை அழகு.

ஆகஸ்ட் 12, இரவு

மாநிலங்களில் முதலமைச்சர்கள் ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றும் உரிமை 1974இல்தான் வந்தது, கலைஞர் கேட்டு வாங்கியது. அதற்கு முன் ஆளுநர்தான். மேலே விட்டுப்போனதால் சேர்த்தேன்.

ஆகஸ்ட் 13

நேற்று முடிச்சைப் பற்றி எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை.

1986. அப்போது நான் இருந்த பள்ளிக்கூடத்தில் புதுக் கயிறு வாங்கியிருந்தார்கள். விருந்தினர் இழுத்தார், அவிழவில்லை. மறுபடி இழுத்தார், சுருக்கு இறுகிவிட்டது. தலைமையாசிரியர் முகம் வெளுத்துவிட்டது. அறுநூறு பிள்ளைகள் சத்தமே இல்லாமல் நிற்கிறார்கள். அப்போது மதில் ஓரத்திலிருந்து எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடிவந்தான். கேட்காமல் கொள்ளாமல் இரும்புக் குழாயில் கிடுகிடுவென்று ஏறினான். மேலே போய் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, பல்லால் சுருக்கைக் கடித்து இழுத்தான். பூ அவன் தலைமேல்தான் முதலில் விழுந்தது. பள்ளிக்கூடமே கைதட்டியது.

அவன் ஏன் மதில் ஓரத்தில் நின்றான்? அணிவகுப்புக்கு வெள்ளைச் சட்டை வேண்டும். அவனிடம் இல்லை. அப்பா அம்மா இரண்டு பேரும் உப்பளத்தில் கூலி வேலை. வெயிலில் உப்புப் பாத்தியில் நின்று நின்று கால் வெடித்தவர்கள். வெள்ளைச் சட்டை இல்லாதவன் ஓரமாக நில் என்று வரிசையிலிருந்து அவனை வெளியே அனுப்பியது நான். உப்புக்காக நடந்தவர்களைப் பற்றி மேடையில் அன்றைக்குப் பேச்சுப்போட்டி. உப்பு அள்ளுகிறவரின் பிள்ளை மதில் ஓரம்.

அன்றைக்கே அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். முதுகில் தட்டிக்கொடுத்து ஒரு ஆசை சாக்லேட் கூடுதலாகக் கொடுத்தேன், அவ்வளவுதான். அடுத்த வருஷத்திலிருந்து சட்டை நிபந்தனையை எடுத்துவிட்டேன். அவன் அதற்குள் படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூர் போய்விட்டான்.

தம்பி, நீங்கள் கேட்ட கேள்வியை அவன் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

ஆகஸ்ட் 14

நேற்று எழுதியதற்கு நிறையப் பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். ஆறுதலுக்காக எழுதவில்லை. அதே மாதிரி இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷத்துக்கு முன் பக்கத்து ஊராட்சி ஒன்றின் கொடியேற்றத்துக்குப் போயிருந்தேன். தலைவர் பட்டியல் சாதியினருக்கான தனி இட ஒதுக்கீட்டில் ஜெயித்த பெண். கொடிக்கயிற்றை இழுத்தது வேறொருவர். தலைவர் தள்ளி நின்றார், நாற்காலிகூட இல்லை. கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. 2020இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்திலும் இப்படித்தான், ஊராட்சித் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்து, சில நாள் கழித்து ஆட்சியரே போய் அந்தத் தலைவரைக் கொடியேற்ற வைத்தார். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் எல்லா மாவட்டங்களுக்கும் கடிதம் எழுத வேண்டிவந்தது, சாதிப் பாகுபாடு இல்லாமல் ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று. 1947இலிருந்து 75 வருஷம் கழித்து அப்படி ஒரு கடிதம். பெரியார் கேட்ட கேள்வி இதுதானே.

அதனால் என் பழைய பதிலை மாற்றிக்கொள்கிறேன். மரத்தில் பொட்டலம் கட்டியவர்களுக்கு நன்றி என்று எழுதினேன். சொல்லிவிட்டுப் போனால் தீராது. கயிறு யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

(நாளைக்கு 77ஆவதா 78ஆவதா என்று சண்டை போட வேண்டாம். முடிந்த ஆண்டு 77. 1947ஐயும் ஒரு சுதந்திர தினமாக எண்ணினால் 78ஆவது சுதந்திர தினம். இரண்டும் சரி.)

ஆகஸ்ட் 15, மாலை

காலையில் எங்கள் ஊராட்சியில் தலைவர் கொடியேற்றினார். கயிறு கட்டியது நான், அவிழ்ந்தது. கீழேயிருந்து ஏற்றினோம். நல்ல கடல்காற்று, விரிந்ததும் படபடவென்று சத்தம். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

அப்புறம் 11 மணிக்குக் கிராம சபை. பலருக்கு ஆகஸ்ட் 15 என்றால் கொடியும் மிட்டாயும்தான் தெரியும். கிராம சபை கட்டாயமாகக் கூட வேண்டிய நாட்களில் இதுவும் ஒன்று. ஜனவரி 26, மே 1, அக்டோபர் 2, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆண்டுக்கு ஆறு. ஊரில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் உறுப்பினர். எம்.எல்.ஏ. ஆக வேண்டாம், கவுன்சிலர் ஆக வேண்டாம். என் அம்மா சொன்ன ஒரு சீட்டு, இங்கே ஒரு குரலாகிறது.

இன்றைக்குக் கூட்டம் அதிகம் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான் பெரும்பகுதி. வரவு செலவு வாசித்தார்கள், ஏப்ரல் முதல் ஜூலை வரை. வேகமாக வாசித்தார்கள். உப்பளத் தெருவிலிருந்து வந்த ஒரு அம்மாள் எழுந்து, "மெதுவா படிங்க, மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவுன்னு மறுபடி சொல்லுங்க" என்றார். சொன்னார்கள். அந்தத் தெருவுக்குக் கொள்ளிடம் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது, கடைசிக் குழாய்க்கு வந்து சேர்வதற்குள் நின்றுவிடுகிறது என்றார். தீர்மானத்தில் ஏற்ற வேண்டும் என்று நான் எழுந்து சொன்னேன். ஏற்றினார்கள். ஒவ்வொரு வரியையும் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டார். நன்றாக நிறுத்தி, முழுப் பெயரையும் எழுதினார்.

ஆகஸ்ட் 15, இரவு

ஆறு மணிக்குக் கொடியை இறக்கினேன். 2022இலிருந்து இரவிலும் பறக்கலாம் என்று விதி மாறிவிட்டது. எனக்கு மனசு வரவில்லை. பொழுது சாய்ந்தால் இறக்கித்தான் பழக்கம்.

ஆகஸ்ட் 16

காலை நடையில் 31 கொடி பொறுக்கினேன். காகிதம் 19, மீதி பிளாஸ்டிக். பிளாஸ்டிக் கொடி விற்கவே கூடாது. சட்டைப் பையில் குத்தின ஊக்கோடு சாக்கடை ஓரத்தில் கிடக்கிறது. பிள்ளைகளைத் திட்டாதீர்கள், வாங்கிக்கொடுக்கும் நாம்தான் சாயங்காலம் கேட்டு வாங்கி எடுத்துவைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 19

ஷார்ஜா தம்பியிடமிருந்து நீளமாக ஒரு குறிப்பு வந்திருக்கிறது. அவர் அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். தெருவிளக்கு எட்டு மாதமாக எரியவில்லை. நன்றியைப் பற்றி அவர் இன்னும் முடிவு செய்யவில்லையாம். விளக்குக்கு என்ன செய்வது என்று கேட்கிறார்.

தம்பி, அடுத்த கிராம சபை அக்டோபர் 2, புதன்கிழமை. அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள், அதே தெருவில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மனு இரண்டு பிரதி. கம்பத்தில் பெயிண்டில் எழுதியிருக்கும் எண்ணை மனுவில் குறிப்பிட வேண்டும், இல்லாவிட்டால் எந்த விளக்கு என்று அலைவார்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளட்டும். வாயால் கேட்டது நிற்காது, தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அம்மா கையெழுத்துப் போடட்டும். கம்பத்தின் எண்ணை இங்கே எழுதுங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன். அம்மாவின் பெயரை முழுதாக எழுதுங்கள், இன்னாரின் தாயார் என்று வேண்டாம்.